யாருக்காக அணைக்கிறீர்கள்?

பேருந்து நிலையத்தை ஒட்டிய எந்த டீக்கடையிலும் இதைப் பார்க்கலாம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு கையில் டீ கிளாஸும் மறு கையின் விரலிடுக்கில் சிகரெட்டுமாக நிற்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து பெரியப்பா முறையுள்ள ஒருவர் ரோட்டைக் கடந்து வருவது கண்ணில் படுகிறது. உடனே சிகரெட் உள்ளங்கைக்குள் மடங்குகிறது, கை முதுகுக்குப் பின்னால் போகிறது, வாயிலிருந்த புகையை அவசரமாக விழுங்கிக்கொள்கிறார். "வாங்க பெரியப்பா, எப்ப வந்தீங்க?" பெரியப்பாவுக்கும் விஷயம் தெரியும். தெரியாத மாதிரி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அவ்வளவு நேரமும் முதுகுக்குப் பின்னால் சிகரெட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் புகை போகிற பக்கத்தில், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் பஸ்ஸுக்காக நிற்கிறாள். குழந்தை இருமுகிறது. அவள் முந்தானையால் அதன் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்கிறாள். அவளுக்காகவும் அணைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. அணைப்பார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

இதற்கு நம் ஊரில் மரியாதை என்று பெயர். மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட, "பையன் சிகரெட் பிடிப்பான்தான், ஆனா பெரியவங்க முன்னாடி பிடிக்க மாட்டான், அடக்கமானவன்" என்று இதை நற்சான்றாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது மரியாதையாகத் தெரியவில்லை. யாருக்கு முன்னால் சிகரெட் அணைகிறது, யாருக்கு முன்னால் அணைவதில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அப்பா வந்தால் அணையும். மாமனார், முதலாளி, பெரிய சார், கட்சித் தலைவர், கோயில் வாசல், போலீஸ் ஜீப் என்றால் அணையும். மனைவிக்கு அணையாது. பிள்ளைக்கு அணையாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும், காரோட்டும் டிரைவருக்கும், கட்டட வேலையில் சித்தாளுக்கும், டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையனுக்கும் அணையவே அணையாது. மேலே இருப்பவருக்கு மறைப்பு, கீழே இருப்பவருக்குப் புகை. இன்னாருக்கு எதிரில் இன்னார் பீடி பிடித்தால் அடி விழும் என்ற ஊர்களை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின் மிச்சம்தான் முதுகுக்குப் பின்னால் போகும் இந்தக் கை.

கொஞ்சம் யோசித்தால் இதில் அறிவுக்குப் பொருந்துவது எதுவுமில்லை என்று விளங்கும். சிகரெட்டை ஒருவர் முன்னால் அணைக்க வேண்டும் என்றால் அதற்கு இருக்கக்கூடிய ஒரே நியாயமான காரணம், புகை அவருக்குக் கெடுதி என்பது. அப்படியானால் முதலில் அணைய வேண்டியது குழந்தைக்காக. பெரியவர்கள் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை மூச்சு விடுகிறார்கள், பிறந்த குழந்தை முப்பதிலிருந்து அறுபது தடவை வரை விடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட அதிகக் காற்றை அது உள்ளே இழுக்கிறது. ஆஸ்துமா, காது சீழ், மார்புச் சளி, தூக்கத்திலேயே நேரும் சிசு மரணம் என அடுத்தவர் புகையால் பிள்ளைகளுக்கு வருபவற்றை 2006-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை விரிவாகத் தொகுத்தது. இவ்வளவு புகை வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு ஒன்று கிடையாது என்பது அதன் முடிவு. ஆக, எழுபது வயதுப் பெரியப்பாவுக்காகப் பதறும் கை மூன்று மாதக் குழந்தைக்காக அசையாமல் இருக்கிறது என்றால், அந்தக் கையை ஆட்டுவிப்பது அக்கறை இல்லை, பயம்.

இந்தியாவின் கணக்கைப் பாருங்கள். 2016–17-ல் எடுக்கப்பட்ட உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்திய ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைபிடிக்கிறார்கள். பெண்களில் 2 சதவீதம். ஆனால் வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிறவர்கள் வயதுவந்தோரில் 38.7 சதவீதம். பிள்ளைகள் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. புகைப்பவர் ஒருவர், சுவாசிப்பவர்கள் வீடு முழுக்க. அந்த வீட்டில் "வெளியே போய்ப் பிடிங்க" என்று சொல்லும் இடத்தில் யார் இருக்கிறார்கள்? மாமனார் ஊரிலிருந்து வந்தால் மொட்டை மாடிக்குப் போகும் சிகரெட், அவர் பஸ் ஏறியதும் ஹாலுக்குத் திரும்பிவிடுகிறது.

மனைவியின் மூச்சுக்கு என்ன ஆகிறது என்று முதலில் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தவர் ஜப்பானியர். டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த தகேஷி ஹிராயாமா, புகைபிடிக்காத மனைவிகள் 91,540 பேரை 1966-லிருந்து 14 ஆண்டுகள் கவனித்து, 1981-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார். அந்தப் பெண்கள் ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்தவர்கள் இல்லை. கணவன் எவ்வளவு அதிகம் புகைத்தானோ அவ்வளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் ஏறிக்கொண்டே போயிருந்தது. நாற்பது வயதைக் கடந்த அந்தக் காலத்து ஜப்பானிய மனைவி, கணவனைப் பார்த்து "அணையுங்கள்" என்று சொல்லியிருப்பாளா என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நம் அம்மாக்கள் சொல்லியிருப்பார்களா? ஹிராயாமா அளந்தது புகையை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாய் திறக்க முடியாத நிலைக்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பையும் சேர்த்தே அவர் அளந்திருக்கிறார்.

சிகரெட் கம்பெனிகள் அவர் மீது பாய்ந்தன. புள்ளிவிவரத்தில் பிழை என்று பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தன. அதே 1981-ல், தொழிலுக்கு வேண்டப்பட்ட விஞ்ஞானிகளே ஹிராயாமா சொன்னது சரி என்று கருதுவதாகக் கம்பெனிக்குள் ஒரு குறிப்பு போயிருந்தது, பின்னாளில் நீதிமன்றங்களின் வழியாக வெளியான உள் ஆவணங்களில் அதுவும் கிடைத்தது. தெரிந்தே மறுத்தார்கள். இந்த விஷயத்தில் நான் கோபப்பட வேண்டிய ஆள் யார் என்று கேட்டால், முதல் இடம் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டும் மறுத்தவர்களுக்கு.

புகைபிடிப்பவரை மன உறுதி இல்லாதவர், ஒழுக்கம் கெட்டவர் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. அதில் அறிவியலும் இல்லை. உள்ளே இழுத்த நிகோட்டின் பத்து இருபது வினாடிக்குள் மூளையைத் தொடுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. அடுத்தது எப்போது என்று உடம்பு கேட்கத் தொடங்குவது அதனால்தான். 1988-லேயே அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை இதை ஹெராயின், கொக்கெய்ன் வகை அடிமைத்தனத்தோடு வைத்துப் பேசியது. 1994 ஏப்ரலில் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வரிசையாக உட்கார்ந்து, நிகோட்டின் அடிமைப்படுத்தாது என்றே தாங்கள் நம்புவதாகச் சொன்னார்கள். நம் ஊரில் பதினாறு வயதில் பெட்டிக்கடைக் கயிற்று நெருப்பில் முதல் சிகரெட்டைப் பற்றவைத்த பையனுக்கு இதெல்லாம் யாரும் சொன்னதில்லை. அவன் அதைப் பற்றவைத்தது ருசிக்காகவும் இல்லை, முதல் இழுப்பில் இருமல்தான் வரும். தான் பெரியவனாகிவிட்டதைக் காட்டவே பற்றவைத்தான். ஏணியில் ஒரு படி ஏறியதன் அடையாளமாக அவன் வாங்கியது அது. கீழே இருந்தவரை புகையைச் சுவாசித்தான், இனி ஊதும் பக்கம் வந்துவிட்டான்.

அதனால் "விட முடியல சார்" என்று ஒருவர் சொன்னால் நான் நம்புகிறேன். ஆனால் பொது இடத் தடை அவரை விடச் சொல்லவே இல்லை. பஸ் நிலையத்தில், ஆஸ்பத்திரியில், தியேட்டரில், ஆபீஸில் கொஞ்ச நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது, அவ்வளவுதான். தள்ளிப்போட முடியும் என்பதற்கு அவரே சாட்சி. மூன்று மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்க்கிறார். சென்னையிலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரத்துக்கும் மேல் பறக்கிறார். மேனேஜர் கூப்பிட்ட மீட்டிங் முடியும் வரை சட்டைப் பையைத் தொடுவதில்லை. பெரியப்பாவுக்குக் கொடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பஸ்ஸுக்கு நிற்கும் எல்லோருக்கும் கொடு என்று சட்டம் கேட்கும்போது மட்டும் அது சுதந்திரப் பறிப்பாகிவிடுகிறது. ஒருவருக்குக் கொடுக்க முடிந்ததை இன்னொருவருக்குக் கொடுக்க மறுப்பதற்கு, அந்த இன்னொருவரை ஓர் ஆளாக மதிக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் ஒரு காலத்தில் இந்த ஏணியை ஒட்டித்தான் நின்றது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் இன்னொரு பயணி ஆட்சேபித்தால் புகைபிடிக்கக் கூடாது என்று அது தொடங்குகிறது. ரயில்வே நிர்வாகமே தடை செய்யவும் அதில் இடமுண்டு, மீறினால் அபராதம் நூறு ரூபாய் வரை. ஆனால் அந்த முதல் வரியில் இருக்கும் நினைப்பைக் கவனியுங்கள். ஆட்சேபிக்க வேண்டியவர் புகையால் அவதிப்படுகிறவர். பொதுப் பெட்டியில் கதவோரம் தரையில் பிள்ளையோடு குந்தியிருக்கும் பெண், மேலே நின்று புகைக்கும் நாலு ஆண்களைப் பார்த்து ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபித்தால் என்ன பதில் கிடைக்கும் என்று ரயிலில் போயிருக்கும் யாருக்கும் தெரியும். "கஷ்டமா இருந்தா அடுத்த பெட்டிக்குப் போம்மா."

கேரள உயர்நீதிமன்றம்தான் இதைத் திருப்பிப் போட்டது. 1999 ஜூலை 12-ல் நீதிபதிகள் ஏ.ஆர். லட்சுமணனும் நாராயண குருப்பும் அடங்கிய அமர்வு, பொது இடத்தில் புகைபிடிப்பது பொதுத்தொல்லை என்றது, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்கு விரோதம் என்றது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரி, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் நாடு முழுக்கத் தடை விதித்தது. 2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல், பணியிடங்களும் உணவகங்களும் சேர்ந்த விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. திறந்தவெளி என்று சாக்குச் சொல்லிவிட முடியாதபடி, பஸ் நிலையமும் ரயில் நிலையமும் விளையாட்டரங்கமும் பொது இடமே என்று அந்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அபராதம் 200 ரூபாய் வரை. இந்தச் சட்டத்தில் யாரும் ஆட்சேபிக்க வேண்டியதில்லை, கைக்குழந்தை மனுப்போட வேண்டியதில்லை. பெரியப்பாவின் நுரையீரலும் சித்தாளின் நுரையீரலும் இதற்கு முன்னால் ஒன்றுதான். சுயமரியாதை இயக்கம் தொடங்கி நூறு ஆண்டு ஆன மண்ணில், பிறப்பையும் பதவியையும் பார்த்து வளையாதே என்று கேட்டு வளர்ந்த நாம், இந்தச் சட்டத்தை நம் சட்டமாகக் கொண்டாடியிருக்க வேண்டும். அரசாங்கத்தின் தொந்தரவு என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோம்.

அயர்லாந்து 2004 மார்ச் 29-ல் மதுக்கடைகள் உட்படப் பணியிடங்கள் எல்லாவற்றிலும் புகைக்குத் தடை போட்டது. அந்த நாட்டு மதுக்கடை என்பது பல தலைமுறைப் பேச்சும் பாட்டும் கூடும் இடம், புகையில்லாத மதுக்கடையை நினைத்துப் பார்க்கவே முடியாது என்றார்கள். அரசு முன்வைத்த வாதம் எளிமையானது: உள்ளே வேலை செய்கிறவன் எட்டு மணி நேரம் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறான், அவன் தொழிலாளி, அவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். அமெரிக்காவிலும் 1991-ல் மியாமியில் சிகரெட் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டவர்கள் விமானப் பணிப்பெண்கள். பயணி ஊதினார், தட்டேந்தி நடந்தவர் சுவாசித்தார். 1997-ல் கம்பெனிகள் 30 கோடி டாலருக்கு அந்த வழக்கில் சமரசம் செய்துகொண்டன.

நம் சட்டத்திலும் ஏணியின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது அறைகளுக்குக் குறையாத ஓட்டலும், முப்பது பேருக்குக் குறையாமல் உட்காரும் உணவகமும், விமான நிலையமும் புகைக்கென்று தனி அறை வைத்துக்கொள்ளலாம். அந்த அறையில் வேறு எந்தச் சேவையும் கூடாது என்று விதி இருக்கிறது. சரி, சாம்பல் கிண்ணத்தை எடுத்துக் கழுவி, தரையைத் துடைக்கிறவர் யார்? அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டா துடைக்கிறார்? பீடியோடு பஸ் நிலையத்தில் நிற்கும் கூலிக்காரரிடம் 200 ரூபாய் ரசீது கிழிக்கப்படுகிறது, வசதியுள்ளவருக்குக் கண்ணாடி அறை கிடைக்கிறது. இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும். அதே விதிகளின்படி, புகைபிடிக்காத பகுதி என்ற பலகையில் யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்று ஒரு பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்த முறை வெளியே போகும்போது அந்தப் பலகையைப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அந்த இடம் எழுதப்படாமலே கிடக்கிறது.

இந்தப் பேச்சில் வழக்கமாக எழும் சில வாதங்களுக்குச் சுருக்கமாகவே பதில் போதும். "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சாரு." பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951-லிருந்து ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு, விடாமல் புகைப்பவர்களில் பாதிப் பேரையாவது அந்தப் பழக்கமே கொல்கிறது என்று காட்டியது. அப்படியானால் மீதிப் பேர் தப்பிக்கிறார்கள். உங்கள் தாத்தா அதில் ஒருவர். செத்துப்போன மற்றவர்களின் பேரன்கள் இப்படிப் பெருமை பேசுவதில்லை என்பதால் அவர்கள் கணக்கு உங்கள் காதில் விழுவதில்லை. "பஸ் புகையை விடவா?" பஸ் புகையும் கெடுதிதான், அதையும் குறைக்கத்தான் வேண்டும், ஒரு தவறு இன்னொன்றுக்கு உரிமம் ஆகாது. "அப்படின்னா கம்பெனியையே மூடச் சொல்லுங்க." அரசாங்கம் வரி வாங்குகிறது, எல்.ஐ.சி. நம் பாலிசிப் பணத்தில் சிகரெட் கம்பெனியான ஐடிசியின் பங்குகளில் சுமார் 15 சதவீதத்தை வைத்திருக்கிறது. இது வெட்கக்கேடு, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஆனால் கம்பெனி மூடப்படும் வரை பக்கத்துக் குழந்தையின் மூக்கில் ஊதிக்கொண்டிருப்பேன் என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

"பீடி சுற்றும் பெண்கள் என்ன ஆவார்கள்?" இது மட்டும் கனமான கேள்வி. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் திண்ணை திண்ணையாக மடியில் தட்டை வைத்து இலையை வெட்டி, தூளைப் போட்டு, நூலைச் சுற்றும் விரல்களை நான் அறிவேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, இலை கெட்டுப்போனால் கழிவு, தூள் நெடியில் பக்கத்திலேயே தூங்கும் பிள்ளை. புகைபிடிப்பதற்கு ஆதரவாக அந்தப் பெண்களைத் துணைக்கு அழைப்பவர்கள் அவர்கள் கூலி உயர்வு கேட்டபோது எங்கே இருந்தார்கள்? அவர்களுக்கு மாற்று வேலையும் சேமநலமும் கொடுப்பது அரசின் கடமை. அவர்கள் இருமலைக் காட்டித் தன் இருமலை நியாயப்படுத்துவது கொடுமை.

புகைக்கும் பெண் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் நேர்மை அங்கேதான் அம்பலப்படுகிறது. ஓர் ஐ.டி. அலுவலக வாசலில் பத்து ஆண்கள் நின்று ஊதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பெண் பற்றவைத்தால் போகிற வருகிறவன் எல்லாம் பண்பாட்டுக்குக் காவலாளி ஆகிவிடுகிறான், செல்போனில் படம்கூட எடுக்கிறான். அவள் நுரையீரலைப் பற்றி அவனுக்குக் கவலையா? அவள் ஏணியில் தன் படியை மீறிவிட்டாள் என்ற ஆத்திரம்தான் அது. இன்னொரு பக்கம், 1929-ல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட்டோடு நடக்க வைத்து, அதைப் பெண் விடுதலை என்று விற்றுக் காட்டினார் சிகரெட் கம்பெனியின் விளம்பர ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ். இந்தியாவில் பீடி பிடிக்கும் பெண்களின் ஆயுள் சுமார் எட்டு ஆண்டு குறைகிறது என்று பிரபாத் ஜாவும் கூட்டாளிகளும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பீடி பிடிக்கும் ஆண்களுக்கு ஆறு, சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்குப் பத்து. ஆணுக்கும் பெண்ணுக்கும் நான் சொல்ல நினைப்பது ஒன்றே: வேண்டாம். ஆனால் ஆணைப் பார்த்துச் சொல்லாத வார்த்தையைப் பெண்ணைப் பார்த்துச் சொல்கிறவனுக்கு ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச அருகதை கிடையாது.

இனி விடுவதைப் பற்றி. ஒவ்வொரு கார்த்திகையிலும் தமிழ்நாட்டின் மிகப் பெரிய சோதனை ஒன்று நடக்கிறது, யாரும் அதைச் சோதனையாகப் பார்ப்பதில்லை. லட்சக்கணக்கான ஆண்கள் துளசி மாலை போட்டுக்கொண்டு, கறுப்பும் நீலமும் உடுத்தி, ஒரு மண்டலம், அதாவது 41 நாள், சிகரெட்டைத் தொடாமல் இருக்கிறார்கள். நாளைக்கு ரெண்டு பாக்கெட் காலி செய்தவர்கள், டாக்டர் சொல்லியும் விடாதவர்கள், மனைவி அழுதும் விடாதவர்கள். நிகோட்டின் நின்றால் வரும் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, பதற்றம் எல்லாம் முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதாவது நாற்பத்தோராவது நாளில் அவர் உடம்பு பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டது. மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றிய அன்றைக்குச் சாயங்காலமே பெட்டிக்கடைக்கு நடக்கிறார்.

ஏன் நடக்கிறார்? உடம்பு கேட்டதால் என்று முழுக்கச் சொல்ல முடியாது. டீயோடு, சாப்பாட்டோடு, அதே நண்பர்களோடு, அதே கடை வாசலோடு பின்னிக்கொண்ட பழைய இழுப்பு உண்மையில் பல மாதம் இருக்கும். ஆனால் அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. அவர் தனக்காக நிறுத்தவில்லை, ஐயப்பனுக்காக நிறுத்தினார். பெரியப்பாவுக்காக அணைத்த அதே கைதான் இதுவும். மேலே பார்த்துக்கொண்டிருப்பவர் முகத்தைத் திருப்பியதும் கை பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. ரமலானில் விடியல் முதல் அந்தி வரை ஒரு இழுப்புகூட இழுக்காத நண்பர், நோன்பு திறந்து பேரீச்சம்பழம் வாயில் கரைவதற்குள் தீப்பெட்டியைத் தேடுவதும் இதே ரகம்தான். மாலை போட்டதையே வழியாக்கி ஒரேயடியாக விட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் விட்டதில் எனக்கு மகிழ்ச்சி. எப்படி விட்டாலும் நுரையீரலுக்கு நல்லதே. ஆனால் கடவுளுக்கு 41 நாள் தர முடிந்த ஒருவர், ஆஸ்துமா பிடித்த தன் மகளுக்கு ஒரு நாளும் தர முடியாது என்றால், அந்தப் பக்தியைப் பற்றி அவர் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சாமி மூச்சு விடுவதில்லை. மகள் விடுகிறாள்.

விட நினைப்பவர்கள் குறைவு என்று நினைக்காதீர்கள். முன்பு சொன்ன அதே 2016–17 கணக்கெடுப்பில், புகைபிடிப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விடும் திட்டத்திலோ யோசனையிலோ இருப்பதாகச் சொன்னார்கள். டாலின் ஆய்வு 2004-ல் தந்த கணக்கு, யோசிப்பவர்களுக்காகவே எழுதியது போல் இருக்கும்: தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார், முப்பது வயதில் விட்டால் ஏறக்குறைய அந்தப் பத்தும் திரும்பக் கிடைக்கும், நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. "இவ்வளவு நாள் ஆச்சு, இனிமே விட்டு என்ன" என்று சொல்பவருக்கு அந்த மூன்று ஆண்டு என்பது ஒரு பேரனின் பள்ளிக்கூட வயது.

எனவே கார்த்திகைக்குக் காத்திராமல் தொடங்கலாம். இரண்டு மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிறது. அதை மிட்டாய் போல மென்று தள்ளக் கூடாது, காரம் தெரியும் வரை மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதிகம் பிடிப்பவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகள் இருக்கின்றன. 1800-11-2356 என்ற இலவச எண் ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள். முதல் முயற்சியில் தவறினால் அது உங்கள் குணக்கேடு இல்லை, பலருக்கும் பல தடவை ஆகும். டீ குடிக்கும் நேரத்தையும் இடத்தையும் ஒரு மாதத்துக்காவது மாற்றுங்கள். விட்டுவிட்டேன் என்று அப்பாவிடமும் முதலாளியிடமும் போய்ச் சொல்ல வேண்டாம், அவர்களுக்கு நீங்கள் எப்போதும் மறைத்துத்தான் பிடித்தீர்கள். மனைவியிடம் சொல்லுங்கள், பிள்ளையிடம் சொல்லுங்கள். மறுபடி கையில் பார்த்தால் அணைக்கச் சொல்லும் அதிகாரத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள், எட்டு வயதுதான் ஆகிறதென்றாலும். அது சொல்லும்போது, பெரியப்பா வந்தால் எவ்வளவு வேகமாகக் கை போகுமோ அவ்வளவு வேகமாக அணையுங்கள்.